காலை விசாரிப்பு

ஜூலை 3, புதன்

மளிகைக் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, பால் வாங்காத நாள்களை வருஷாவருஷம் இப்படி ஒரு டைரியில்தான் குறித்து வைப்பார். இந்த வருஷத்து டைரியைத் தொட ஆளில்லை. அலமாரியில் அப்படியே கிடந்தது. பாதி வருஷம் போய்விட்டது. மீதியையாவது எழுதலாம் என்று எடுத்தேன். எழுத என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

மாலை மும்தாஜ் வந்தாள். அடுத்த தெருக்காரி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிடச் சின்னவள்தான் என்றாலும் அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது. நடையில் மட்டும் இன்னும் வார்டுக்கு ஓடுகிற வேகம்.

போன மாதம் அவள் தெருவில் தனியாக இருந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். பேப்பர் போடுகிறவர் சொல்லித்தான் அக்கம்பக்கத்துக்கே தெரிந்தது. அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கும் வயதானவர்களைத் தேடிப் பிடித்து ஒரு குழு சேர்த்திருக்கிறாள். ‘காலை விசாரிப்பு’ என்று பெயராம். தினமும் காலையில் ஒருவர் இன்னொருவரைப் போனில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு சமுதாயக் கூடத்தில் எல்லாரும் கூடுவார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம், ரேஷன் கடையில் வயதானவர்களுக்குத் தனி வரிசை என்று மனுக் கொடுக்கிற யோசனையெல்லாம் வைத்திருக்கிறாள்.

எனக்கு முழங்கால் வலி, என்னை விட்டுவிடு என்றேன்.

“முழங்கால் வலின்னா போன் பேசக் கூடாதுன்னு எந்த டாக்டர்க்கா சொன்னாரு?” என்றாள். “வாழ்க்கை பூரா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல பேசினவங்க நீங்க. உங்களை விட்டுட்டு நான் யாரைப் போய்க் கேக்க?”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

ஜூலை 4

மோர் மிளகாயை மொட்டை மாடியில் காயப் போட்டேன். தூறல் விழுந்ததும் ஓடிப்போய் எடுத்து வந்தேன். வெயில் வந்தபின் மறுபடி கொண்டுபோய்ப் போட்டேன். நன்றாகக் காய்ந்தது.

ஜூலை 6

மும்தாஜ் விடவில்லை. ஒரே ஒரு ஆள்தான், அதுவும் யாருக்கும் மசியாத ஆள், உங்கள் குரலுக்காவது பதில் சொல்கிறாரா பார்ப்போம் என்றாள். பெயர் ஸ்தனிஸ்லாஸ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். மனைவி இல்லை. மகள் சென்னையில். பொன்மலைப்பட்டியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். பாவம், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்னாள்.

என்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். “உங்களுக்கு எதுக்குக்கா? நீங்க கூப்பிடுற ஆளு” என்றாள். அதுவும் சரிதான்.

என் மகள் எழிலிடம் இதைச் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டாள். ஓசூரில் இருந்துகொண்டு என்னைப் பற்றியே கவலைப்படுகிற பெண். காய்கறி, மளிகை எல்லாம் அவளே போனில் சொல்லிவிடுகிறாள். வாசலில் வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். வசதியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

காபி குடித்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டேன். எதற்கு அவ்வளவு படபடப்பு என்று தெரியவில்லை.

“வணக்கம். ஸ்தனிஸ்லாஸ் சாருங்களா? காலை விசாரிப்புக் குழுவிலேருந்து தனபாக்கியம் பேசுறேன். நல்லா இருக்கீங்களா?”

“உசுரோட இருக்கேன்.”

வைத்துவிட்டார்.

ஜூலை 10

இன்று “இருக்கேன்” மட்டும். ஒற்றைச் சொல்லாகக் குறைந்துவிட்டது.

மும்தாஜிடம் சொன்னேன், அந்த மனிதருக்கு விசாரிப்பு வேண்டாம்போல என்று. அவள் சிரித்தாள்.

ஜூலை 13, சனி

“நீங்க டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்தவங்களா?” என்று கேட்டார்.

ஆமாம், எப்படித் தெரியும் என்றேன்.

“‘லைன்ல இருங்க’ன்னு சொன்னீங்கல்ல இப்ப. அந்தக் காலத்துல டிரங்க் கால் போட்டா அப்பிடித்தான் சொல்லுவாங்க. வேற யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்க.”

அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கப் போகும்போது வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. திரும்பி வந்தபோது அவர் வைக்காமல் லைனில் இருந்தார். அதுதான் ஆச்சரியம்.

அப்புறம் நாளெல்லாம் எக்ஸ்சேஞ்ச் நினைப்பாகவே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த போர்டுக்கு முன்னால் உட்கார எவ்வளவு பயந்தேன். காதில் ஹெட்செட். முன்னால் வரிசையாகத் துளைகள். ஒரு ஊருக்கு ஒரு விளக்கு. விளக்கு எரிந்தால் ஒயரை எடுத்து அந்தத் துளையில் செருக வேண்டும். கல்யாணம் நிச்சயமானது, லாரி கவிழ்ந்தது, நெல் விலை, பரீட்சை ரிசல்ட் எல்லாம் எங்கள் காது வழியாகத்தான் போகும். “மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு, நீட்டிக்கவா?” என்று குறுக்கே கேட்கும்போது சில பேர் அழுதுகொண்டிருப்பார்கள். நான் கேட்காததுபோல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன்.

மதுரை போர்டில் கனகா என்று ஒருத்தி. லைன் ஓய்வாக இருக்கும்போது பேசிக்கொள்வோம். என்ன குழம்பு, என்ன சேலை, மேற்பார்வையாளர் இன்று யாரைத் திட்டினார் என்று. ஆறேழு வருஷம் பேசியிருப்போம். ஒரு நாள் கூட நேரில் பார்த்ததில்லை. அவள் கல்யாணமாகிப் போகிறேன் என்றபோது போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்புகிறேன் என்றாள். பிறகு ஒரு காலையில் மதுரை விளக்கு எரிய, எடுத்தால் வேறு ஒரு குரல். அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

ஜூலை 19

ஒர்க்‌ஷாப் சங்கு பற்றிச் சொன்னார். சங்கு ஊதினால் பொன்மலையே அசையுமாம். கேட் திறந்ததும் சைக்கிள்கள் வெள்ளம்போல் வெளியே வரும். யார் சைக்கிள் எது என்று பெல் சத்தத்திலேயே அவர் மனைவி ரெஜினா சொல்லிவிடுவாராம். அவர் சைக்கிளுக்குப் பெல்லே கிடையாது. அப்படியும் அவர் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே ரெஜினா கதவைத் திறந்து நிற்பாராம். “எப்பிடின்னு கடைசி வரைக்கும் அவ சொல்லவே இல்லை” என்றார்.

காபி ஆறிவிட்டது. சுட வைத்துக் குடித்தேன்.

ஜூலை 23

இப்போதெல்லாம் அவர்தான் கேள்வி கேட்கிறார். “இன்னைக்கு வெளிய போனீங்களா?” தினமும் இதே கேள்வி. விசாரிக்க வேண்டியது நான்.

ஜூலை 25

உழவர் சந்தைக்குப் போய் வந்ததாகச் சொன்னேன். என்ன காய் வந்திருக்கிறது என்று கேட்டார். எழில் அனுப்பியிருந்த பையைத் திறந்து பார்த்து, வெண்டைக்காயும் பீர்க்கங்காயும் நன்றாக இருக்கின்றன என்றேன். கூட்டமா என்றார். கூட்டம்தான் என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. போகலாம் என்றுதான் சேலை மாற்றினேன். தெருமுனை வரைக்கும் கூட நடந்தேன். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

ஜூலை 30

இன்று ஒரு விஷயம் சொன்னார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரெஜினா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாராம், திண்டுக்கல்லுக்கு. எழுபத்தொன்பதாம் வருஷம். இவர் லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடை போனுக்கு டிரங்க் கால் புக் செய்து காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார். கால் கிடைத்தது. ஆனால் லைனில் ஒரே இரைச்சல். மாமனார் கத்துகிறார், இவருக்குக் கேட்கவில்லை. இவர் கத்துகிறார், அவருக்குக் கேட்கவில்லை. அப்போது நடுவில் இருந்த ஆபரேட்டர் பெண் பேசினாளாம்: “சார், பெண் குழந்தைன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் சௌக்கியமாம். நீங்க என்ன சொல்லணும்?”

“எனக்கு ஒண்ணுமே சொல்ல வரலை. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘அவரு ரொம்ப சந்தோஷப்படுறாரு’ன்னு அவளே சொல்லிட்டா” என்றார் ஸ்தனிஸ்லாஸ். “அந்தக் குரல்ல ஒரு சிரிப்பு இருந்துச்சு. இன்னும் காதுல நிக்குது.”

லைன் கெட்டிருந்தால் நாங்கள் எல்லாருமே அப்படி இடையில் நின்று சொல்வோம். எத்தனையோ பேர் இருந்தோம், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். உண்மைதான். அந்த வருஷம் திண்டுக்கல் லைன் என் போர்டில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. எதற்கு.

ஆகஸ்ட் 10

நாளை சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஊதா நிறச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போகவில்லை. முழங்கால்.

ஆகஸ்ட் 12

அவரும் போகவில்லையாம். ஏன் என்று கேட்டேன். “நீங்க வருவீங்கன்னு மும்தாஜ் அம்மா சொன்னாங்க. வந்தா நானும் போகலாம்னு சட்டையெல்லாம் போட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் நீங்க வரலைன்னு போன் வந்துச்சு. கழட்டிட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று அவரிடம் ஒன்றைச் சொன்னேன். எழிலுக்குக்கூட முழுதாகத் தெரியாது. இங்கே எழுத வேண்டியதில்லை.

கடைசி வரை கேட்டுக்கொண்டார். பிறகு, “ஆஸ்பத்திரியில ரெஜினா உசுரு போனப்ப நான் காபி வாங்கக் கீழ போயிருந்தேன்” என்றார்.

லைன் மட்டும் திறந்திருந்தது. தெருவில் கீரைக்காரி போகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 2

இவரது திதி. எழில் வந்திருந்தாள். ஐயரை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள். வடை மொறுமொறுப்பாக வந்தது. “அப்பாவுக்குப் பிடிக்குமே” என்று சொல்லி எழில் அழுதாள். நான் அடுத்த ஈடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஊருக்குப் போகும்போது, என்னோடு வந்துவிடு அம்மா என்றாள். காலையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றேன். சொன்ன பிறகுதான், இப்படிச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று தோன்றியது.

செப்டம்பர் 19, வியாழன்

இரவு வெகுநேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளிக்கப் போயிருப்பார் என்று விட்டு, சாம்பாருக்குப் பருப்பு போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மும்தாஜைக் கூப்பிட்டால் அவள் நாகூரில் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் இருக்கிறாள். “நான் கிளம்பினாலும் மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும்கா. அவர் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடிக்கிறேன்” என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டிலும் எடுக்கவில்லை. குழுவில் அந்தப் பக்கம் இருக்கிற இன்னொருவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார். வேறு யாரையாவது பார்க்கிறேன் என்றாள். என்னைப் போ என்று அவள் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்தேன். உடுத்தியிருந்த சேலையோடு, போனையும் சாவியையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆட்டோ வேண்டும் என்றால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. அதற்கு அடுத்தது ஒரு டெய்லர் கடை. போன வருஷம் ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி என் வீட்டுக்காரரும் நானும் அந்த வழியாக நடந்து போனோம். டெய்லர் கடை இன்னும் திறக்கவில்லை. இவர் அதன் படியில் உட்கார்ந்து, “ஒரு சோடா வாங்கிட்டு வா பாக்கியம், நெஞ்சு கரிக்குது” என்றார். நான் பெட்டிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். திரும்பினேன். இவர் ஷட்டரில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தெருமுனையைத் தாண்டியதில்லை. முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

இன்று அந்த இடத்துக்கு வந்தபோது டெய்லர் கடை திறந்திருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. படியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து பிளவுஸ் தைத்து வாங்கக் காத்திருந்தாள். நான் நிற்கவில்லை. நிற்க நேரமில்லை என்பதால்தான் நடந்தேன் என்று நினைக்கிறேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

பொன்மலைப்பட்டியில் மாதா கோயிலுக்குப் பின்னால் என்று மட்டும்தான் தெரியும். ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டேன். “பேண்டு வாத்தியம் வாசிப்பாரே, அந்த ஸ்தனிஸ்லாசா?” என்று கேட்டு வீட்டைக் காட்டினாள். பேண்டு வாத்தியம் வாசிப்பார் என்பதை என்னிடம் சொன்னதே இல்லை.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டபோது கொல்லைப் பக்கமிருந்து ஏதோ முனகல். கத்திக் கூப்பிட்டதில் எதிர்வீட்டுக்காரரும் இன்னும் ஒருவரும் வந்தார்கள். ஒருவர் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, உள்ளே போய் முன்கதவைத் திறந்தார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தார். காலை எழுந்து தண்ணீர் பிடிக்க வந்தவர் வழுக்கியிருக்கிறார். இடது கால் திரும்பிக் கிடந்தது. உதடு வறண்டு போயிருந்தது. உள்ளே அவர் போன் மேஜைமேல் இருந்தது. நான் கூப்பிட்டதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

தலையைத் தூக்கி என் மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். என்னை உற்றுப் பார்த்தார். நானும் அவரை அப்போதுதான் பார்க்கிறேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர்.

“தனபாக்கியம்” என்றேன்.

“குரலே தெரியுது, பேசுங்க” என்றார்.

108 வண்டி வந்தது. கூட யார் வருவது என்று கேட்டார்கள். நான் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்தார். பாலக்கரை தாண்டியபோது, வலிக்கு நடுவில் சிரிப்பதுபோல் முகம் போனது. என்ன சார் என்றேன்.

“மும்தாஜ் அம்மாகிட்ட சொல்லணும். எனக்குக் குடுத்த வேலையை முடிச்சிட்டேன்னு.”

என்ன வேலை என்றேன்.

“உறையூர்ல ஒரு அம்மா வீட்டை விட்டே வர்றதில்லை, அவங்க தினம் உங்களைக் கூப்பிடுவாங்க, எப்பிடியாவது பேசிப் பேசி வெளிய கொண்டாந்துருங்கன்னு சொன்னாங்க. முதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். எனக்குப் பேச வராது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இப்ப வந்துட்டீங்கல்ல.”

“உங்களைப் பாத்துக்க ஆளில்லை, நான்தான் பாத்துக்கணும்னு என்கிட்ட சொன்னா” என்றேன்.

வண்டி சைரன் போட்டுக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் பெண், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தாள்.

செப்டம்பர் 20

தொடை எலும்பு முறிவு. நாளை ஆபரேஷன். மகள் பிரமிளா சென்னையிலிருந்து வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவின் மூக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்தப் பெண் பிறந்த செய்தியைச் சொன்ன குரல் என்னுடையதாக இருக்குமோ என்று அவளைப் பார்த்தபடி நினைத்தேன். சொல்லத் தோன்றியது. அவள் பாவம், அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். பிறகு பார்க்கலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மும்தாஜைப் பிடித்தேன். எல்லாரிடமும் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“எல்லார்கிட்டயும்தான்” என்றாள், கொஞ்சமும் அசராமல். “உங்களுக்கு உதவி தேவைப்படுது, வாங்கன்னு சொன்னா யாருக்கா வர்றாங்க? கதவைச் சாத்திடுறாங்க. நீங்க வந்தாத்தான் இன்னொருத்தருக்கு நல்லதுன்னு சொன்னா வர்றாங்க. அது பொய்யும் இல்லையே.”

நான் இரண்டு நாள் அவளோடு பேசக் கூடாது என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

செப்டம்பர் 28

தினமும் ஆஸ்பத்திரி. டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். முதல் நாள் பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்தபோது கை வியர்த்தது. இப்போது சீட்டுக்குச் சண்டை போடுகிறேன்.

பேண்டு வாத்தியம் பற்றிக் கேட்டேன். கோயில் திருவிழாவில் டிரம் அடிப்பாராம். ரெஜினா போன பிறகு எடுக்கவில்லையாம். ஏன் என்று கேட்கவில்லை. மெத்தையின் விளிம்பில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

அக்டோபர் 9

வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கர் வைத்து நடக்கிறார். ஆனால் பிரமிளா இனி அவரைத் தனியாக விடுவதாக இல்லை. சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவளுடைய வீடு அம்பத்தூரில், மாடி ஃபிளாட். அவளும் அவள் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார்கள்.

அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் தெரிகிறது.

முருங்கைக் கீரை வாங்கி வந்தேன். ஆய்ந்துகொண்டே இருந்தேன், காம்பைக்கூட ஆய்ந்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையிலேயே பொன்மலைப்பட்டி போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி. கார் வாசலில் நின்றது. பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, கால் நீட்டத் தலையணை வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர், பூக்காரம்மா எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

பிரமிளா வீட்டைப் பூட்டப் போனபோது நான் ஜன்னல் பக்கம் நின்றேன். தினமும் கூப்பிடுகிறேன் சார், சென்னையானால் என்ன என்றேன்.

“நீங்க கூப்பிடுங்க. அது இருக்கட்டும்” என்றார். வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அங்க எனக்கு எல்லாம் செய்வாங்க. சாப்பாடு, மாத்திரை, டிவி எல்லாம் இருக்கு. நான் யாருக்கு என்ன செய்வேன்? எனக்கு ஒரு நம்பர் குடுங்க. யாரா இருந்தாலும் சரி. கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற ஆளா பாத்துக் குடுங்க. எனக்கு இப்பப் பேச வருது” என்றார்.

தருகிறேன் என்றேன். கார் கிளம்பியது. கோயில் முனை திரும்புகிறவரை நின்றேன். பிறகு பூக்காரம்மா பக்கத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். அவள் தொடுத்துக்கொண்டே ரெஜினாவைப் பற்றிச் சொன்னாள்.

அக்டோபர் 14

கூப்பிட்டேன். நன்றாகத் தூங்கினாராம். ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் தெரிகிறதாம். “எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பெட்டியா இருக்கும், ஒண்ணு ரெண்டு” என்றார். நம்பர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

சமுதாயக் கூடத்தில் கூட்டம். முதல் தடவையாகப் போனேன். ஊதாச் சேலை.

எல்லாரும் தெரிந்தவர்கள்போல் பேசினார்கள். பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு போட ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். ரேஷன் கடை வரிசைக்கு அடுத்த வாரம் நாலு பேர் போய்ப் பேச வேண்டும், யார் வருகிறீர்கள் என்று மும்தாஜ் கேட்டாள். கையைத் தூக்கிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தேன். இன்னும் மூன்று கைகள் இருந்தன.

கடைசி வரிசையில் வாசலை ஒட்டி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் சிவகாமி. ஏதோ கல்லூரி விடுதியில் வெகு காலம் சமையல் செய்தவராம். மருமகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யார் போய்ப் பேசினாலும் ஒரு வார்த்தைதான் பதில். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ கொடுக்கும்போது என் போன் அடித்தது. ஸ்தனிஸ்லாஸ். “கூட்டம் நடக்குதா? எல்லாரும் இருக்காங்களா? நான் யார்கிட்டயாவது பேசணுமே” என்றார். போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் பேசிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கை மாறி, கை மாறி, போன் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, கால் எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். மும்தாஜ், நாகூர் அல்வா அனுப்புகிறேன் என்றாள்.

கடைசியில் போன் சிவகாமி அம்மாளிடம் போனது. வேண்டாம் என்று கையை ஆட்டினார். கொடுத்தவர் விடவில்லை. காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஸ்தனிஸ்லாஸ் என்ன சொன்னாரோ.

“யாருன்னே தெரியாத ஆளுக்கு நான் என்னத்தச் சொல்றது?” என்றார் சிவகாமி. கொஞ்ச நேரம் கேட்டார். “உப்பே போட மாட்டேங்கிறாங்களா? ஏன்?” என்றார். அப்புறம், “டாக்டர் சொன்னா அப்பிடித்தான். ஆனா உப்பு இல்லாமயே ருசியா வைக்கலாம். யாரு சமைக்கிறது, மகளா? அவ வந்தா என்னோட பேசச் சொல்லுங்க” என்றார். மடியில் இருந்த பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து மடித்தேன். சிவகாமி அம்மாள் நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை. மருமகள் வந்து வாசலில் நின்றாள். ஒரு நிமிஷம் இரு என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

மும்தாஜ் என் அருகில் வந்து, போனை வாங்கித் தரட்டுமா அக்கா என்று கேட்டாள்.

வேண்டாம், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றேன்.